டிக்கட் எத்தனை நாளைக்கு?

கந்தப்பளை,
பங்குனி மாதம்.

அன்பு மருமகன் சுதாகரனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே அத்தையும் நானும் சுகம். என் அக்கா, உன் அம்மாவின் முழங்கால் வலிக்குக் கொழும்பு வைத்தியம் சரிவருகிறதா? உன் கடிதத்தோடு வந்த பயணத் திட்டத்தையும் பார்த்தேன். சித்திரை லீவுக்கு இங்கே நுவரெலியாப் பக்கம் நாலு நாள். நாலு நாளுக்கும் காலை, மாலை என்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு டிக்கட். பாரிஸிலிருந்து வரும் மச்சான் போட்ட கணக்கு என்கிறாய். எத்தனை நாளைக்கு டிக்கட் எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு நாளைக்கு எடு, அதையும் அன்றன்றைக்கே. மற்ற இரண்டு நாளையும் சும்மா விடு. காரணம் கீழே.

மச்சானின் கணக்கு டிஸ்னிலாந்து கணக்கு. பாரிஸுக்குப் பக்கத்தில் 1992இல் திறந்த அந்த இடத்தில், 2002இலிருந்து இரண்டு பூங்காக்கள் அருகருகே இருக்கின்றன. ரயில் வாசலிலேயே இறக்கிவிடும். ஒரு நாள் டிக்கட்டை விட மூன்று, நாலு நாள் டிக்கட் எடுத்தால் நாளொன்றுக்கு விழும் காசு குறைவு. அதைப் பார்த்ததும் இன்னொரு நாளையும் சேர்த்துக்கொள்ளத்தான் மனம் போகும். ஆனால் நாளுக்கு எவ்வளவு குறைந்தாலும் மொத்தம் கூடத்தானே செய்யும்? அங்கேயே யோசிக்க வேண்டிய கணக்கு அது. இங்கே அது செல்லவே செல்லாது. ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு டிக்கட், ஹக்கல பூந்தோட்டத்துக்கு ஒன்று, விக்டோரியா பூங்காவுக்கு ஒன்று, கிரகரி வாவியில் படகுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி டிக்கட். நாலு நாள் நிற்பவருக்கு எதுவும் மலிவாகாது. சித்திரை சீசனில் ஏறுவது ஹோட்டல் வாடகைதான். நீங்கள் நம் வீட்டில் தங்குவதால் அந்தக் கவலையும் இல்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஹோர்ட்டன் சமவெளி ஒரு முழு நாளைத் தின்றுவிடும். நுவரெலியாவிலிருந்தே 30 கிலோமீட்டருக்கு மேல். கந்தப்பளையிலிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும். சமவெளியின் விளிம்பான உலக முடிவில் நின்றால் 800 மீட்டருக்கும் மேலான பள்ளம் காலடியில் தெரியும். ஆனால் ஒன்பது, பத்து மணி தாண்டினால் மூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சுற்றி வரும் நடை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், கல்லும் வேரும் சேறுமான பாதை. உன் மூத்தவன் ஓடியே முடிப்பான். சின்னவளுக்கு ஐந்து வயது. பாதி வழியில் உன் தோளில் ஏறிவிடுவாள். அக்காவின் காலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டிக்கட்டைக் குடும்பத்துக்கு என்று வாங்காதே, ஆளுக்கு என்று வாங்கு. நீயும் மூத்தவனும் மச்சானும் போங்கள். மற்றவர்கள் வீட்டில் தூங்கட்டும். மச்சானின் பிள்ளைகள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் வருகிறார்கள் அல்லவா? வெளிநாட்டவருக்குச் சமவெளியில் கட்டணம் வேறு, நம்முடையதைப் போலப் பல மடங்கு. நடக்க விருப்பமுள்ள பிள்ளைக்கு மட்டும் அந்தக் காசைக் கட்டச் சொல். மச்சானிடம் இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுவரட்டும். இன்னொன்று: வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது, பிஸ்கட் பெட்டியின் உறையைக்கூடக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அத்தை ரொட்டியும் கட்டுச்சம்பலும் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுத் தருவாள்.

இரண்டாவது டிக்கட் நாள் ஹக்கலவுக்கு. 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய தோட்டம் அது. மலேரியாவுக்குக் கொயினா எடுக்கும் மரம் என்று மூத்தவனுக்குச் சொல்லிக்கொடு. அதே பாதையில் சீதாஎலிய சீதையம்மன் கோவில். அசோகவனம் இதுதான் என்று நம் சனம் நம்பும் இடம். அக்கா அங்கே ஆற்றோரமாக எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருப்பாள். காலையில் தோட்டம், பிறகு கோவில், அவ்வளவுதான். சித்திரையில் பின்னேரமானால் இடிமழை இறங்கும். சீசன் கூட்டத்தில் ஹக்கலயிலிருந்து டவுனுக்குள் வரும் வாகனமெல்லாம் ஊர்ந்துதான் வரும். அதற்குமேல் அன்றைக்கு வாவி, பூங்கா என்று கட்டம் போட்டால் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் நிற்கும் வேனின் பின்பக்கத்தைத்தான்.

முன்கூட்டிக் காசு கட்டாதே என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் அக்காதான். எந்தச் செலவைச் சொன்னாலும் அது எத்தனை நாள் சம்பளம் என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பவள் அவள். தோட்ட வேலையை விட்டு இத்தனை காலமாகியும் அந்தக் கணக்கு போகவில்லை. 2024இல் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தபோதும் என்னிடம் தொலைபேசியில் அதைத்தான் பேசினாள். டிக்கட் எடுத்தாயிற்று என்று அவளிடம் சொல்லிப் பார். வலியை மறைத்துக்கொண்டு நடப்பாள். சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டாலும், காசு கொடுத்தாச்சே, போய்த் தலையையாவது காட்டிவிட்டு வருவோம் என்பாள். நீயும் அவள் வளர்த்த பிள்ளை, அதையேதான் சொல்வாய். கொடுத்த காசு போனாலும் வராது, போகாவிட்டாலும் வராது. காலையில் எழுந்து பார்க்க வேண்டியது வானத்தையும் பிள்ளைகளின் முகத்தையும்தான். அதற்குப் பிறகு வாசலில் டிக்கட் எடுத்தால் போதும். வரிசையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டிவரும், நில்.

சும்மா விடச் சொன்ன இரண்டு நாளும் வீண்போகாது. ஒரு நாள் மழை விட்டால் வாவிக்கரைக்குப் போகலாம். 1873இல் கிரகரி ஆளுநர் காலத்தில் கட்டிய வாவி. கரையில் நடக்க ஒரு மணி நேரம், அன்னப்படகுக்கு அரை மணி நேரம் போதும். குதிரையில் பிள்ளையை ஏற்றுமுன் விலையைப் பேசிக்கொள், இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான். மழை விடாவிட்டால் வீட்டில் கரம் ஆடட்டும். மற்ற நாள் தேயிலைத் தோட்டத்துக்கு. அக்கா பிறந்த லயத்தில் இப்போதும் நம் ஆட்கள்தான் இருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போனால், கங்காணி தராசைப் பார்த்துக் கிலோ சொல்வதையும், பெண்கள் அதை ஒரு கண்ணால் சரிபார்ப்பதையும் பிள்ளைகள் பார்க்கலாம். ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக மாற்றியது உனக்குத் தெரியும். அங்கே ஒரு தேத்தண்ணி குடிக்க மச்சான் ஆசைப்பட்டால் குடிக்கட்டும், செலவு அவனுடையது. அக்காவைக் கூட்டிப் போக வேண்டாம். விலையைக் கேட்டால் கோப்பையைத் தொடமாட்டாள்.

நாலு பேருக்கு நாலு ஆசை இருக்கும், எல்லாவற்றையும் ஒரே லீவில் முடிக்க வேண்டியதில்லை. நாங்கள் சிறுவயதில் காணாததையெல்லாம் பிள்ளைகள் கண்டுவிட வேண்டும் என்ற அவசரம் உனக்கு இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் நமக்கு இங்கே வீடு இருக்கிறது. பார்க்காமல் விட்டதை ஆவணியிலும் வந்து பார்க்கலாம், அப்போது கூட்டமும் குறைவு.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சமவெளிக்கு யார் யார் என்று முடிவுசெய்து எனக்குச் சொல். தெரிந்த வேன்காரரிடம் விடியற்காலைக்குச் சொல்லிவைக்கிறேன். சீசனில் பிந்தினால் வாகனம் கிடைக்காது. எல்லோருக்கும் ஸ்வெட்டர், சின்னவளுக்குக் காதை மூடும் தொப்பி, அக்காவின் மருந்து. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து மச்சானுக்கும் அனுப்பிவிடு. அவன் வாதாடினால் என்னோடு பேசச் சொல்.

அன்புடன்,
மாமா