யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

நல்லூர்க் கந்தன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போகலாம். வேட்டி கட்டினால் வசதி. ஆடி அமாவாசைக்குப் பின் தொடங்கும் திருவிழா 25 நாள் நடக்கும். அப்போது தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு, முன்பே பிடித்துவிடுங்கள்.

தீவுகளுக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ் ஓடும். அங்கிருந்து நயினாதீவு கிட்டத்தான். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, மத்தியான அன்னதானத்தையும் தவற விடாதீர்கள். நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம் பிடிக்கும். பவளக்கல் அடுக்கிய வேலிகளும் காட்டுக் குதிரைகளும் பார்க்க வேண்டியவை. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள். இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பது வீண் அலைச்சல்.

1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த பொது நூலகமும் கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில். பின்னேரம் நடந்தே பார்க்கலாம்.

கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி. மாற்றுடுப்பு கொண்டு போங்கள்.

நண்டும் இறாலும் மீனும் போட்ட ஒடியற்கூழ் எல்லாக் கடையிலும் கிடைக்காது, முதல் நாளே சொல்லி வையுங்கள். பனையோலைப் பிளாவில் குடித்தால்தான் ருசி. ஊருக்குக் கொண்டுபோகப் பனங்கட்டிக் குட்டான் வாங்குங்கள்; சந்தையில் விலை கேட்டு வாங்கலாம்.