பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் பெற்றோருக்குப் பத்துக் குறிப்புகள்

ஆரணியில் தறியில் உட்காரும் அப்பா, அம்மாவுக்கு மாலையில் ஒரு மணி நேரம் எழுந்து வர முடியும். விட்ட வேலையை ராத்திரியில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அப்படியும் தெருப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர முன்வருபவர்களுக்காக இந்தக் குறிப்புகள். நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

1. காலையில் பாவு விரித்திருக்கும் தெருவில் பந்தை உருட்டவே விடாதீர்கள். ஒரு உதையில் இழை அறுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போய்விடும். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, பள்ளி மைதானத்துக்கு அனுமதி வாங்குங்கள். மாலை 5 மணிக்கு மேல் பழக்குங்கள். கத்திரி வெயில் நாட்களில் காலை 6 மணியே நல்லது.

2. எட்டு வயதுக்குள் 3ஆம் எண் பந்து, 8 முதல் 12 வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண். 4ஆம் எண் பந்து 350–390 கிராம் இருக்கும். 5ஆம் எண் 410–450 கிராம். பெரிய பந்து சின்னக் காலுக்குப் பாரம்.

3. காற்றடிக்கும் ஊசியைத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள்; வால்வு கிழியாது. ஆடி முடித்ததும் பந்தைத் துடைத்து நிழலில் வையுங்கள்.

4. எல்லைக்கோடு போடக் கோலமாவு போதும். சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோன்களுக்குப் பதில் மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள். பழைய பருத்திப் புடவைகளை இரண்டு நிறத்தில் பட்டையாகக் கிழித்துத் தோளில் குறுக்காகக் கட்டினால் இரண்டு அணி தயார்.

5. வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராக உதைக்க விடாதீர்கள். பாதி நேரம் நிற்பதிலேயே போய்விடும். இரண்டு பேருக்கு ஒரு பந்து, நடுவே ஐந்தடி. ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில், அதன் விரல் எதிரில் நிற்பவரைப் பார்த்து இருக்கட்டும். பாதத்தின் உட்புறத்தால் தள்ளச் சொல்லுங்கள். தறி மிதிக்கிற மாதிரி இரண்டு காலும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். பிறகு சின்ன இடத்தில் ஐந்துக்கு ஐந்து ஆட்டம்.

6. போட்டியிலும் எல்லாருக்கும் சரிபாதி நேரமாவது கொடுங்கள். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு 2018-ல் கோல்டன் பேபி லீக்கைத் தொடங்கியதே, சிறுவரும் சிறுமியரும் சேர்ந்து ஆடி மகிழத்தான். உங்கள் பிள்ளை என்பதற்காகக் கேப்டன் பதவி கொடுக்காதீர்கள். அதிகமாகத் திட்டவும் செய்யாதீர்கள்.

7. பெண் பிள்ளைகளை வீடு தேடிப் போய்க் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பை வென்றது. இந்தியாவுக்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், காவல்துறையில் உதவி ஆய்வாளர். இதைச் சொன்னால் தயங்கும் பாட்டிகூட யோசிப்பார். பயிற்சியின்போது அம்மா ஒருவர் உடனிருக்கட்டும்.

8. சின்னப் பிள்ளைகளுக்குத் தலையால் முட்டப் பழக்காதீர்கள். பத்து வயதுக்குட்பட்டோர் தலையால் ஆடுவதை அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-லேயே நிறுத்தியது. பந்தைக் காலாலும் நெஞ்சாலும் அடக்கக் கற்றாலே போதும்.

9. கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள். வேர்த்துக் களைத்த பிள்ளைக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொடுங்கள். கணுக்கால் பிசகினால் இழுத்து நீவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். நாலு எட்டு நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

10. ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க நேராதபடி இன்னொரு பெரியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லார் வீட்டு போன் எண்ணும் பையில் இருக்கட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். தோற்ற அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தப்பைப் பற்றிப் பேச வேண்டாம். எது பிடித்திருந்தது என்று மட்டும் கேளுங்கள். ஆட்டம் பிடித்த பிள்ளை மறுநாள் தானாகவே வரும். தப்பைத் திருத்த அப்போது நேரம் இருக்கிறது.