குப்பைக்கூடைக்குப் போன கதை

பேய்க்கதைன்னா நம்ம எல்லாருக்கும் பிடிக்கும்தானே? பயமுறுத்தும் கதைகளை எழுதியே உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். இவர் 1947 செப்டம்பர் 21-ஆம் தேதி மெய்ன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் நகரில் பிறந்தார். அறுபதுக்கும் மேலான நாவல்கள் எழுதியிருக்கிறார்.

இவருக்கு 2 வயதாக இருந்தபோது, சிகரெட் வாங்கிட்டு வரேன்னு போன அப்பா திரும்பி வரவே இல்லை. அம்மா கிடைச்ச வேலையெல்லாம் செய்து இரண்டு பையன்களையும் வளர்த்தார். அண்ணன் டேவிட் வீட்டிலேயே ஒரு குட்டிப் பத்திரிகை நடத்தினார். நம்ம சுவர் இதழ் மாதிரிதான்! அதில் தம்பியும் எழுதினார். வெளிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. கூட வந்த மறுப்புச் சீட்டுகளைச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் குத்தி வைத்தார். 14 வயதுக்குள் அந்த ஆணி கனம் தாங்கவில்லை. பெரிய ஆணியாக அடித்துவிட்டு மறுபடி எழுதினார். (14 என் வயசு. நான் இன்னும் ஒரு கதைகூட அனுப்பலை!)

1970-ல் கல்லூரி முடித்ததும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. ஒரு சலவை ஆலையில் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்தார். 1971-ல் டாபிதாவைத் திருமணம் செய்தார். அந்த வருடமே ஆங்கில ஆசிரியர் ஆனார். ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். இரண்டு குழந்தைகள். பணம் கட்ட முடியாமல் டெலிபோனையே எடுத்துவிட்டார்கள்.

அப்போது எழுத ஆரம்பித்த கதைதான் 'கேரி'. கேரி 16 வயசுப் பொண்ணு. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வயசுக்கு வந்துடறா. அவளோட அம்மா அதைப்பத்தி எதுவுமே சொல்லித் தந்ததில்லை. செத்துப்போகப் போறோம்னு நினைச்சு அழறா. கூடப் படிக்கிற பொண்ணுங்களே சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. (இதை எழுதலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். தாராளமா எழுதுன்னாங்க.) கேரிக்குப் பொருள்களைத் தொடாமலே நகர்த்துற சக்தி உண்டு. ஆனா எனக்கு அது பயமா இல்லை. அந்தச் சிரிப்புதான் பயமா இருக்கு.

இந்தக் கதை கிங்குடன் படித்த இரண்டு பெண்களை நினைத்து எழுதியது. அதில் ஒருத்தி தினமும் ஒரே உடுப்பில் வருவாளாம். எல்லாரும் கேலி செய்வார்கள். ஒரு லீவு முடிந்து புது உடுப்பு போட்டு வந்தாள். அன்றைக்குக் கேலி இன்னும் அதிகமானது! இரண்டு பேருமே சின்ன வயதில் இறந்துவிட்டார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று நினைத்து மூன்று பக்கத்தோடு கிங் கதையைக் கசக்கிப் போட்டுவிட்டார். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, சாம்பலைத் தட்டிப் படித்தவர் டாபிதா. தெரியாததை நான் சொல்றேன், எழுதுங்க என்றார். 1974-ல் அது அச்சாகி வந்தது. அதற்கு முந்தின வருடமே மலிவுப் பதிப்பு உரிமை 4,00,000 டாலருக்குப் போனது. கிங்குக்குப் பாதி. அவர் சம்பளத்தில் 31 வருடப் பணம், கணக்குப் போட்டுப் பார்த்தேன்! ஆனால் அச்சான புத்தகத்தை அவர் அம்மா பார்க்கவில்லை. அதற்கு முன்பே புற்றுநோயால் இறந்துவிட்டார்.

1999 ஜூனில் ரோட்டோரம் நடந்துபோன கிங்கை ஒரு வேன் மோதியது. கால், இடுப்பு எலும்பெல்லாம் நொறுங்கிவிட்டது. ஐந்தே வாரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி எழுதத் தொடங்கினார். அதற்கு வீட்டில் மேசை போட்டுக் கொடுத்ததும் டாபிதாதான்.