கெட்டி ஆயில் இன்ஜினைக் குளிர்விக்காது

அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே டூவீலர் ஒர்க்‌ஷாப்புகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். “வெயில் காலம் சார், கெட்டி ஆயிலாப் போட்டுடலாம். இன்ஜின் சூடே ஆகாது.” சொல்பவர் பல வருடம் ஸ்பேனர் பிடித்தவர். கேட்பவர் தலையாட்டிவிடுகிறார். பத்து நிமிடத்தில் 100 சிசி வண்டிக்குள் 20டபிள்யூ50 ஆயில் இறங்கிவிடுகிறது. வண்டி முன்பைவிடக் கொஞ்சம் சத்தம் குறைந்து ஓடுகிறது. வாடிக்கையாளர் திருப்தியோடு வீட்டுக்குப் போய் நாலு பேருக்கு இதைச் சொல்கிறார். அந்த நாலு பேரும் அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து கெட்டி ஆயில் கேட்கிறார்கள்.

இது தவறு. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த சித்திரையில் மறுபடி முளைத்து நிற்கும் தவறு.

ஆயில் டப்பாவில் உள்ள எண்களிலிருந்தே தொடங்கலாம். 10டபிள்யூ30 என்பதில் முதல் எண், குளிரில் ஆயில் எந்த அளவுக்கு இளகி ஓடும் என்பதைக் காட்டுவது. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை. எஸ்ஏஇ அமைப்பின் ஜே300 தரவரிசைப்படி 30 ஆம் எண் ஆயில் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். 50 ஆம் எண் ஆயிலுக்கு அது 16.3 முதல் 21.9 வரை. இவ்வளவுதான் அந்த எண்களின் பொருள். 50 என்று போட்டிருந்தால் 50 டிகிரி வெயிலைத் தாங்கும் என்று விளக்கம் கொடுப்பவர்கள் உண்டு. கேட்கும்போதே பொறுமை போய்விடுகிறது. வெளியே வெயில் 40 டிகிரியோ 43 டிகிரியோ, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. சென்னைக்கும் ஊட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை நகர்த்தும் வேலைக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பம். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகவும் ஒரு பகுதி சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகள் வழியாகவும் வெளியேறுகிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்திலும் ஹெட்டிலும் உள்ள சூட்டைக் கீழே கிராங்க்கேஸுக்குக் கொண்டுவந்து இறக்கும் பொறுப்பு ஆயிலுடையது. அந்த வேலையை அது ஓடினால்தான் செய்ய முடியும். நின்று நிதானித்து நகரும் ஆயில் சூட்டையும் நிதானமாகத்தான் சுமக்கும். அது மட்டுமல்ல, கெட்டி ஆயிலைக் கடைந்து தள்ள இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். விளக்கெண்ணெயில் கரண்டியைச் சுழற்றுவதற்கும் தேங்காயெண்ணெயில் சுழற்றுவதற்கும் கைக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கூடுதல் உழைப்பும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது.

இதனால் இன்ஜின் வெடித்துவிடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. கூடும் சூடு கொஞ்சம்தான். ஆனால் சொன்னபடி குறையாது. மைலேஜ் குறையும், பிக்கப் மந்தமாகும், காலையில் செல்ஃப் அடித்ததும் கேம், ராக்கர் பகுதிகளுக்கு ஆயில் ஏறிப் போகத் தாமதமாகும். இன்ஜினில் தேய்மானம் அதிகம் நடப்பது அந்த முதல் சில நொடிகளில்தான்.

ஆயில் எண் என்பது ஒவ்வொரு இன்ஜினின் இடைவெளிகளையும் பேரிங்குகளையும் பார்த்து முடிவாவது. ஹோண்டா, ஹீரோ கம்யூட்டர் வண்டிகளுக்கு 10டபிள்யூ30. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350க்கு 15டபிள்யூ50. பஜாஜ் பல்சர் மாடல்கள் பலவற்றுக்கு 20டபிள்யூ50. மூன்றும் இதே வெயிலில், இதே தமிழ்நாட்டுச் சாலைகளில்தான் ஓடுகின்றன. வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டும் என்பது உண்மையென்றால், பல்சர் ஓட்டுபவர் எந்த ஆயிலுக்குப் போவார்?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகும். அளவு குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். “ஆயில் தாராளமா இருந்தா சீஸ் ஆகாது” என்பது அந்தக் காலத்தின் நியாயமான பாடம். பழைய புல்லட்டில் இன்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு. இன்ஜின் ஆயில் கியரைத் தொடாது. இன்று ஓடும் கம்யூட்டர் வண்டிகளில் ஒரே ஆயில்தான் இன்ஜினையும் கிளட்ச் பிளேட்டையும் கியரையும் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காலப் பாடத்தை இந்தக் கால இன்ஜினில் ஊற்றக் கூடாது. இதே காரணத்தால் கார் ஆயிலும் ஆகாது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கும். வழுக்கும் கிளட்ச் தனியாக ஒரு அடுப்பு. கியர் வண்டிக்கான டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கெட்டி ஆயில் செய்யும் பெரிய கெடுதல் வேறொன்று. அது சத்தத்தை மூடுகிறது. தேய்ந்த பாகங்களின் இடைவெளியில் கனமான ஆயில் நிரம்பியதும் டேப்பெட் சத்தம் அமுங்குகிறது. வண்டி குணமாகிவிட்டது என்று ஓட்டுபவர் நம்புகிறார். சூட்டுக்கான உண்மைக் காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

டெலிவரி வேலைக்கு ஓடும் வண்டிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். நாள் முழுக்க சிக்னலில் நின்று நின்று ஓடும் வண்டி. கால் சுடுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை என்று கொண்டுவருகிறார்கள். ஆயில் மாற்றியாகிவிட்டது, அதுவும் கெட்டியானது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் அரைச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. பிரேக் ராடின் நட்டை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டியதற்குச் சமம். டிரம்மைத் தொட முடியாத அளவுக்குச் சுடும். நட்டை இரண்டு திருகு தளர்த்தினால் சக்கரம் தாராளமாகச் சுற்றும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை இது.

சூடு என்றதும் பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆயில் அளவு. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகி எடுத்தால் கோடு பொய் சொல்லும். குறைவாக இருந்தால் ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி இருந்தாலும் கெடுதல்தான். மிச்சம் வைப்பானேன் என்று ஒரு லிட்டர் டப்பாவை முழுவதுமாகக் கவிழ்ப்பதால் ஆயில் நுரைத்து, கூடுதலாகச் சூடாகிறது.

அடுத்து சிலிண்டர் துடுப்புகள். சேறு காய்ந்து அப்பியிருந்தால் காற்று எப்படி நுழையும்? இன்ஜின் ஆறிய பிறகு பழைய பிரஷால் சுரண்டிக் கழுவினால் போதும். அதன்பின் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர். அதில் விரிசல் விட்டால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, கலவை அதிகச் சூட்டில் எரியும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஐடிலிங் ஏறி இறங்கும். பிளக்கைக் கழற்றினால் முனை இளம்பழுப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். கடைசியாக டேப்பெட். இங்கேயும் காது ஏமாற்றும். இடைவெளி குறைந்துபோன டேப்பெட் சத்தமே போடாது, ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் கருகும். வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை வெளியேற்றுவது அது மூடி உட்காரும் இடத்தின் வழியாகத்தான். கொஞ்சம் சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை விளக்கம் தேவையில்லை.

சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றலாமா? கூடாது. அலுமினிய ஹெட் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கினால் வளையும், கேஸ்கெட் கசியும். மழையில் நனைகிறதே என்பார்கள். ஓடும் இன்ஜின்மேல் துளித்துளியாக விழும் மழையும் நின்ற இன்ஜின்மேல் கொட்டும் குடத் தண்ணீரும் ஒன்றல்ல.

ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடவில்லை என்றால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு நல்ல குளிர்ச்சி கிடைப்பதே சீரான வேகத்தில் ஓடும்போதுதான். நெரிசலில் அரைக் கிளட்ச்சில் ஊர்வதுதான் அதற்குத் தண்டனை. நெடும்பயணத்தில் நிறுத்த வேண்டியது உண்மை. அது ஓட்டுபவரின் முதுகுக்கும் கண்ணுக்கும்.

சைலன்சரை மாற்றி சத்தமாக ஓட்டினால் சூடு சுலபமாக வெளியேறும் என்பது பிதற்றல். புகை சுலபமாக வெளியேறும்போது பெட்ரோல் அளவைத் திருத்தவில்லை என்றால் கலவை மெலிந்து சூடு கூடும். வெயிலில் டேங்க்கை நிரப்பினால் வெடிக்கும் என்று வருடாவருடம் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்துவிட்டது. கம்பெனி குறித்த அளவு வரை கோடையிலும் நிரப்பலாம். பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

ரேடியேட்டர் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. அந்த உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்டில் உள்ள கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. தண்ணீரால் இரண்டும் முடியாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடு ஏறியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

இத்தனை குழப்பத்துக்கும் மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் கையில் இருபது மாடல் வண்டிகள் வருகின்றன. எதற்கு எந்த ஆயில், எத்தனை மில்லி, டேப்பெட் எத்தனை என்று எழுதிய கையேடு வண்டியோடுதான் வருகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகி, டூல் கிட்டோடு உள்ளேயே கிடந்து, வண்டி கைமாறும்போது காணாமல் போகிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவருக்கு அது கிடைப்பதே அபூர்வம். டயர் காற்றழுத்தத்தைச் சொல்லும் ஸ்டிக்கரை வண்டியிலேயே ஒட்டி அனுப்புகிற கம்பெனிகளுக்கு, அதன் பக்கத்தில் ஆயில் எண்ணையும் அளவையும் தமிழில் இரண்டு வரி அச்சடிப்பது பெரிய செலவா? தமிழ்நாட்டில் ஒரகடத்திலும் ஓசூரிலும் தொழிற்சாலை வைத்திருப்பவர்களும் இவர்களில் உண்டு. இந்த மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு டூவீலரின் கையேட்டையும் தமிழில் கொடுக்க வேண்டும், ஆயில் விவரத்தை வண்டியிலேயே ஒட்ட வேண்டும் என்று அரசும் கேட்க வேண்டும்.

அதுவரை, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நில்லுங்கள். டப்பாவைத் திறக்கும் முன் வாங்கி எண்ணைப் படியுங்கள். உங்கள் கையேட்டில் உள்ள எண் அது இல்லை என்றால், “அண்ணே, இது வேண்டாம், கம்பெனி சொன்னதையே போடுங்க” என்று சொல்லுங்கள்.