ஒரே நாளில் எத்தனை பறவைகள்?

நம் பள்ளி வாயிலில் நின்று, "இவ்விடத்தில் எத்தனை வகைப் பறவைகள் உள்ளன?" என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்? சென்ற அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் நாம் இவ்வினாவை எழுப்பினோம். ஒருவன் எட்டு என்றான். ஒருத்தி பன்னிரண்டு என்றாள். முப்பது என்று துணிந்து சொன்ன மாணவனைப் பார்த்து வகுப்பே நகைத்தது. அம்மாதச் சனிக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணி முதல் மாலை ஏழு மணி வரை, பதினொரு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் காவற்காரத் தாத்தாவும் கூடி எண்ணிப் பார்த்தோம். கிடைத்த விடை 43. அது எவ்வாறு கிடைத்தது என்பதையும், 44 என்று ஏன் எழுதவில்லை என்பதையும் இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

ஒரு நாளைக்குள் இயன்ற அளவு மிகுதியான பறவை வகைகளைக் கண்டு குறிப்பது உலகெங்கும் பலர் ஆர்வத்துடன் ஈடுபடும் ஒரு விளையாட்டாகும். எத்தனை பறவைகள் என்பதன்று கணக்கு. எத்தனை வகைகள் என்பதே கணக்கு. நூறு மைனாக்களைக் கண்டாலும் ஒன்றுதான். 1980களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், மானு என்னும் காட்டில், பறவையியல் அறிஞர் இருவர் ஒரே நாளில் 331 வகைகளைக் கண்டனர். 1986இல் கென்யா நாட்டில் மூவர் 342 வகைகளைக் கண்டு அதனை விஞ்சினர். ஆனால் அவர்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விமானத்தில் பறந்து சென்றனர். 2014இல் பெருவில் 354 என்றும், 2015இல் எக்குவடோர் நாட்டில் 431 என்றும் அவ்வெண்ணிக்கை உயர்ந்தது. எண்ணிக்கையில் எது பெரிது என்பது தெளிவு. எனினும் விமானத்தில் பறந்து எண்ணியவர்களைவிடக் காட்டிலேயே இருந்து எண்ணிய அவ்விருவர் மீதே எங்களுக்கு மதிப்பு மிகுதி. தோட்டப் பள்ளிக்கு விமானம் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. பகாங் மாநிலத்துப் பிரேசர் மலையில் 1988ஆம் ஆண்டு அனைத்துலகப் பறவைப் போட்டி தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். அதே ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம், உலகத்தார் அனைவரும் ஒரே நாளில் எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தது. உலகிலுள்ள ஏறத்தாழ 11,000 வகைப் பறவைகளுள் 6,000க்கும் மேற்பட்டவை அந்த ஒரு நாளில் மனிதர் கண்ணிலோ காதிலோ பட்டுவிட்டன.

காதிலோ என்றோம் அல்லவா? இவ்விளையாட்டின் விதிகளுள் எங்கள் மாணவர்களுக்கு வியப்பளித்தது அதுவே. பறவையைக் காணாமல் குரலை மட்டும் கேட்டு அடையாளம் கண்டாலும் கணக்கில் சேரும். பறவை உயிருடன் இருத்தல் வேண்டும். கட்டின்றித் தன் விருப்பம்போல் திரிதல் வேண்டும். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் வீட்டுக் கூண்டில் தாத்தா வளர்க்கும் மெர்புக் புறாவை முதல் ஆளாகப் பட்டியலில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அதனை அடித்துவிட்டோம். அவன் முகம் வாடிவிட்டது. நல்வாய்ப்பாக, ஏழரை மணிக்குப் பள்ளித் திடலில் காட்டு மெர்புக் ஒன்று புல்விதை பொறுக்க இறங்கியது. "இது என் புறா!" என்று அவன் எழுப்பிய கூச்சலில் அது பறந்தோடிவிட்டது, அதற்குள் நாங்கள் அனைவரும் பார்த்துவிட்டோம்.

மற்றொரு விதியை நாங்களே எங்களுக்கு வகுத்துக்கொண்டோம். குறைந்தது இருவராவது அறிந்தாலன்றி எப்பறவையும் பட்டியலில் ஏறாது. இவ்விதி பின்னர் எங்களை எவ்வளவு வருத்தும் என்பதை அப்போது நாங்கள் எண்ணவில்லை.

காலை ஐந்து மணிக்கு நல்ல இருள். பள்ளிக்குப் பின்னாலுள்ள மண்சாலையில் நின்றபோது, மரத்தில் உளியால் அடிப்பதுபோல் 'டொக், டொக், டொக்' என்று ஓர் ஓசை இடைவிடாது வந்தது. மாணவர்கள் எவருக்கும் அஃது என்னவென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இருட்டில் எங்களுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காவற்காரத் தாத்தாதான் சிரித்துக்கொண்டே, "நாங்கள் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகும்போதெல்லாம் இதுதான் எங்களுக்குத் துணை, கொட்டாப்புளிக் குருவி என்போம்" என்றார். நூற்பெயர் பக்கி. பகலில் தரையோடு தரையாக, சருகின் நிறத்தில் கண்மூடிக் கிடக்கும். இரவில் பறந்து பூச்சி பிடிக்கும். முப்பத்தோர் ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அன்று பட்டியலின் முதல் வரி அவர் கொடுத்தது.

இரண்டாம் வரி கூகை. செம்பனைப் பகுதியில் கம்பத்தின்மேல் வைத்துள்ள மரப்பெட்டியினின்று அது வெண்ணிறமாக வெளிவந்தபோது ஒரு மாணவி அஞ்சி எங்கள் பின்னே ஒளிந்தாள். ஆந்தை அலறினால் தீங்கு வரும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். அப்பெட்டியை வைத்ததே தோட்ட நிருவாகம்தான் என்பதையும், செம்பனைக் குலைகளைக் கடித்து நாசமாக்கும் எலிகளை ஒழிக்கவே நாடெங்கும் தோட்டங்களில் கூகைகளுக்கு வீடு கட்டித் தருகின்றனர் என்பதையும் விளக்கினோம். அதன்பின் அவள் முன்னால் வந்து நின்றாள். குயில் கூவியது மூன்றாவது.

விடிந்ததும் எழுதுவோர் கைக்கு ஓய்வில்லை. வண்ணாத்திக் குருவி, சின்னான், தையற்சிட்டு, தேன்சிட்டு, செம்போத்து, புள்ளிப்புறா, மைனா, காகம் என்று எட்டு மணிக்குள் பத்தொன்பதைத் தொட்டுவிட்டோம். முப்பது என்றவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவனை ஓரக்கண்ணால் பார்த்தனர்.

இங்கே காகத்தைப் பற்றி ஒரு சொல். நம் வீட்டுக் காகம் இந்நாட்டின் பூர்வீகப் பறவையன்று. 1890களில் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுக்கள் பெருகியபோது, அவற்றைத் தின்னும் என்றெண்ணி இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டனர். காப்பி போய்விட்டது, காகம் நின்றுவிட்டது. பால்மரமும் அவ்வாறு வந்ததே. பிரேசில் நாட்டு விதை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக 1877இல் நம் பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் வேரூன்றியது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் முன்னோர் எங்கிருந்து கப்பலேறினர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனி, ஆண்டுதோறும் வந்து ஆண்டுதோறும் திரும்பும் பறவைகளும் உள. மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருந்த தகைவிலான்களும், வேலிக் கம்பத்தில் தனித்திருந்த பழுப்புக் கீச்சானும் வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வந்தவை. ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். நாங்கள் அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் இதுவே. தகைவிலானையும் உழவாரனையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பறவைகளின் அலகு வகைகளையும் கால் வகைகளையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் அழகுற வரைந்து நற்பெயர் வாங்கிய நாமும், நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். வேறுபாடு எளிது. கம்பியில் அமர்ந்திருந்தால் தகைவிலான். உழவாரனால் கம்பியில் அமர இயலாது. அதன் கால்கள் சுவரிலும் பாறையிலும் பற்றித் தொங்குவதற்கே ஏற்றவை.

எட்டரை மணிக்கு மேட்டுப் பகுதிப் பால்மரக் காட்டிற்குள் நுழைந்தோம். இத்தோட்டத்தில் எஞ்சியுள்ள பால்மரங்கள் இவையே, மற்றவையெல்லாம் செம்பனையாகிவிட்டன. வெட்டுவார் இல்லாமையால் மங்குகளில் மழைநீர் தேங்கி நின்றது. இரண்டரை மணி நேரத்தில் அங்கே எட்டுப் புதிய வகைகளைக் கண்டோம். மரங்கொத்தி ஒன்று பட்ட மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறியது. வாலில் இரு துடுப்புகள் தொங்கும் கரிச்சானைக் கண்டதும் மாணவர்கள் மூச்சுவிட மறந்தனர். மரகதப்புறா வழியில் நடந்து சென்றது. அதன் முதுகின் பச்சையைச் சொல்லால் விளக்க முயன்று தோற்றோம்.

பிறகு வேனில் ஏறிப் பத்து காஜாவை அடுத்த ஈயக் குட்டைகளுக்குச் சென்றோம். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஈயத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தது. ஈயத் தொழில் மெல்ல நலிந்து, 1985இல் விலை அடியோடு சரிந்தபின், தோண்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து கிடந்தன. மனிதன் கைவிட்ட அவ்விடங்களை நாரைகளும் கொக்குகளும் தமதாக்கிக்கொண்டன. சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய கொக்கு, சிறிய கொக்கு, இராக்கொக்கு, நீலத் தாழைக்கோழி, சீழ்க்கைச் சிறகி என எங்கள் கணக்கு அங்கே பதினொன்று கூடி 38 ஆயிற்று. பள்ளியில் இருந்த ஒரே தொலைநோக்கியைப் பதினொருவரும் முறை வைத்துப் பார்த்தனர். ஒருவருக்கு அரை நிமிடம் என்று வகுத்திருந்தோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் அதனை மீறினர் என்று பின்னர் முறையீடு வந்தது.

இரண்டு மணிக்கு இடியுடன் மழை. நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு வேனுக்குள்ளேயே அடைந்திருந்தோம். நான்கரை மணிக்கு மழைவிட்டது. மீண்டும் தோட்டத்திற்குத் திரும்பி மாலைக்குள் இன்னும் ஐந்து சேர்த்தோம்.

இப்போது அந்த நாற்பத்து நான்காவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறே கால் மணியளவில், காலையில் கூகைக்கு அஞ்சிய அதே ஐந்தாம் ஆண்டு மாணவி, பால்மரக் காட்டின் ஓரத்திலிருந்து ஓடிவந்தாள். "ஐயா! இருவாட்சி, ஐயா! அத்திமரத்தில் இருந்து பறந்தது" என்றாள். மலாய் மொழியில் எங்காங் எனப்படும் அப்பறவையை இத்தோட்டத்தில் கண்டதாக எங்கள் பணிக்காலத்தில் எவரும் சொன்னதில்லை. எவ்வாறு இருந்தது என்று வினவினோம். கறுப்பு உடல், வெள்ளை வயிறு, அலகின்மேல் மற்றோர் அலகு வைத்ததுபோல் மஞ்சள் மேடு, இறக்கையடிப்பில் காற்றைக் கிழிக்கும் ஓசை என்று பிழையின்றி விடையளித்தாள். நாங்கள் அனைவரும் அம்மரத்தடிக்கு விரைந்தோம். அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. இருள் சூழ்ந்தது.

அவள் பொய் சொல்லவில்லை என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. மாணவர்கள் பலர் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். 44 என்பது நல்ல எண் என்றும் ஒருவன் வாதிட்டான். விதியைத் தளர்த்தும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இருப்பதாகவும் நினைவூட்டினான். நாம் வாய் திறக்குமுன் அம்மாணவியே எழுதுகோலை வாங்கி, தான் எழுதியிருந்த வரியின்மேல் ஒரு கோடு கிழித்தாள். "இன்னொருவர் பார்க்கவில்லையே, ஐயா" என்றாள். அன்றிரவு நமக்கு உறக்கம் வரச் சற்றுத் தாமதமாயிற்று.

மறுவாரம் தாத்தா, அதே அத்திமரத்தில் இருவாட்சி ஒன்றைத் தாமும் பார்த்ததாக வந்து சொன்னார். மாணவர்கள் பட்டியலைத் திருத்த வேண்டும் என்று ஓடிவந்தனர். ஆனால் அவர் கண்டது புதன்கிழமை. பட்டியலோ சனிக்கிழமையினுடையது. ஆகவே 43 அப்படியே நிற்கிறது. கோடு கிழித்த வரியும் படிக்கத்தக்கவாறு அப்படியே இருக்கிறது.

அப்பட்டியலை இப்போது நூலகச் சுவரில் ஒட்டியுள்ளோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அப்பறவையைக் கண்ட இடத்தைக் குறித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. 43 வகைகளுள் ஏழினைப் பால்மரக் காட்டில் மட்டுமே கண்டோம். துடுப்புவால் கரிச்சானும் மரகதப்புறாவும் மரங்கொத்தியும் அவற்றுள் அடங்கும். செம்பனையில் மட்டும் கண்டவை கூகையும் ஒரு பருந்தும் என இரண்டே. ஒரு நாள் கணக்கைக் கொண்டு அப்பறவைகள் வேறெங்கும் இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு என மாணவர்களுக்கு எச்சரித்தோம். பத்து முறை எண்ணினால்தான் ஓரளவேனும் சொல்ல முடியும்.

ஆனால் பத்து முறைக்குக் காலம் இருக்கிறதா என்பது ஐயமே. மேட்டுப் பகுதி மரங்களில் சிவப்பு வண்ணக் குறி இட்டுவிட்டனர். மறுநடவுக்காக அவற்றைச் சாய்க்கப் போவதாக அறிகிறோம். நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அதற்குள் வரும் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு, பள்ளி வாயிலில் மீண்டும் கூடுவோம். விருப்பமுள்ள பெற்றோரும் வரலாம். தலைவிளக்கு உள்ளவர்கள் எடுத்து வரவும். அம்மாணவி நான்கரை மணிக்கே வந்துவிடுவாளாம், அதுவும் ஒரு தோழியை உடன் அழைத்துக்கொண்டு.