செல்லக்காசு மீனின் குடும்பப் பாசம்

கொல்லிமலையில் பிறக்கும் ஐயாறு காவிரியோடு கலந்து கடலை நாடுகிறது. அவ்வாறு நதிநீரும் கடல்நீரும் கூடும் உவர்நீரில் வாழும் சிறு மீன் செல்லக்காசு. பழவேற்காடு ஏரியிலும் கேரளக் காயல்களிலும் இலங்கையிலும் இதனைக் காணலாம். நீளம் சுமார் 8 செ.மீ.; மஞ்சள் மேனியில் ஒரு கரும்புள்ளி. 1795-இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் இதனை உலகறியச் செய்தார்.

பல மீன்கள் முட்டையிட்டதும் அகன்றுவிடும். இதுவோ கல்லிலோ வேரிலோ முட்டைகளை ஒட்டவைக்கும். தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல் நின்று, துடுப்பால் விசிறிப் பிராணவாயு கிடைக்கச் செய்யும். பொரித்த குஞ்சுகள் பெற்றோர் உடலில் சுரக்கும் வழவழப்பையும் கொறித்து வளரும். என்னே பாசம்!

பேளுக்குறிச்சியில் நாம் ஓடையில் எறியும் குப்பையும் ஒருநாள் காவிரிமுகத்தைச் சேரும். தோழியரே, இத்தகைய குடும்பங்கள் வாழ நம் ஓடைகளைத் தூய்மையாகக் காப்போம்!