அலையும் மனமும் தேர்வுக் காலமும்

மனத்தை அடக்கு என்று நமக்குச் சொல்லாத பெரியவர் இல்லை. அடக்கும் வழியைச் சொன்னவர்தாம் சிலர். தேர்வு நெருங்கும் இந்நாளில், அடக்காமலே மனத்தைப் பழக்கும் ஒரு முறையைப் பற்றித் தோழர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

மனக்கவனப் பயிற்சி எனப்படும் இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாலி மொழியில் இதற்குச் 'சதி' என்று பெயர்; நினைவு என்பது பொருள். (நம் மொழிச் சதி அன்று, அஞ்ச வேண்டா!) 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர் இதைச் சமயச் சார்பின்றி, நோயாளிகளுக்கான பயிற்சியாக அமைத்தார்.

செய்முறை எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். அரை நிமிடத்திற்குள் மனம் ஓடிவிடும். 'கணக்குத் தாள் என்னாகுமோ?' 'அப்பா அனுப்பிய பணம் தீர்ந்துவிட்டதே!' 'விடுதிச் சாம்பாரில் புளி எங்கே?' ஓடட்டும். ஓடியதை உணர்ந்ததும், கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கு அழைத்து வாருங்கள். பலர் இவ்விடத்தில்தான், 'எனக்கு இது வராது' என்று எழுந்துவிடுகிறார்கள். அழைத்து வருவதுதானே பயிற்சி? நூறு முறை ஓடினால் நூறு முறை பழகினோம் என்று கொள்ள வேண்டியதுதான்.

பயன் உண்டா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். எட்டு வாரப் பயிற்சி பெற்ற பிரிவினருக்குத் தேர்வுக் காலத்தில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. ஆனால், பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வு, வழக்கமான பாடத்தைவிட இதனால் மிகுந்த பயன் காணவில்லை. பிள்ளைகளுள் பலர் வீட்டில் பழகவே இல்லையாம்!

எனவே இதைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு வாரமாக உறக்கமும் உணவும் கெட்டு, பிடித்தவையெல்லாம் கசந்துபோனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும். வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எழுந்தாலோ, ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது.

வடபுலத்தில் படிக்கும் நமக்கு இங்கே இன்னொரு தடை உண்டு. பாடத்தை ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறோம். கடைக்காரரிடம் இந்தியில் பேரமும் பேசிவிடுகிறோம். நெஞ்சின் வலியைச் சொல்லத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது. மைய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. அறைத்தோழர் ஒருவர் அழைக்கத் தயங்கினால், எண்ணைச் சுழற்றிக் கொடுத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருங்கள்.